கதம்பைக் குழியில் ஒரு பாடம்!

 

ஆண்டு மலருக்குப் படைப்புகள் கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியதும் என் தோழிகள் எல்லோரும் கவிதை எழுத உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குக் கவிதை வராது. நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது நாற்றம்! ஆமாம், கதம்பை அழுகும் நாற்றம். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மூக்கைப் பிடித்துக்கொண்டாவது கடைசி வரை வாசித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் ஊர் தேங்காய்ப்பட்டணம். குழித்துறைத் தாமிரபரணி ஆறு அரபிக் கடலில் சேருகிற இடம். எழுத்தாளர் தோப்பில் முஹம்மது மீரான் பிறந்த ஊர் என்று சொன்னால் நம் தமிழாசிரியருக்கு உடனே விளங்கும். ஊர்ப் பெயரிலேயே தேங்காய் இருக்கிறது. தேங்காய் இருந்தால் கதம்பை இருக்கும். பிற மாவட்டத்து நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: தேங்காயை உரித்த பிறகு மிஞ்சுகிற மட்டையைத்தான் நாங்கள் கதம்பை என்போம்.

இந்தக் கதம்பையை ஆற்றோரத்திலும் ஏ.வி.எம். கால்வாய் ஓரத்திலும் குழிகளில் அமுக்கி, மேலே சேறும் ஓலையும் போட்டு ஊற வைப்பார்கள். ஆறு மாதம், எட்டு மாதம், சில வேளை பத்து மாதம் கூட ஆகும். பிறகு வெளியே எடுத்துத் தடியால் அடித்தால் தும்பு. தும்பைத் திரித்தால் கயிறு. எந்திரத்தில் பச்சை மட்டையை அடித்துத் தும்பு எடுப்பது இன்று பெருகிவிட்டது. ஆனாலும் ஊறவைத்த கதம்பையில் கிடைக்கும் வெளுத்த தும்புக்கும் மென்மையான கயிற்றுக்கும் எந்திரத் தும்பு ஈடாகாது.

என் அம்மா கதம்பை அடிக்கிறவர். அப்பா படகில் கூலிக்குப் போகிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல். முதலாம் ஆண்டு விண்ணப்பத்தில் 'பெற்றோர் தொழில்' என்ற இடத்தில் 'கூலி' என்று மட்டும் எழுதினேன். என்ன கூலி என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததில் எனக்கு ஒரு நிம்மதி!

காரணம் இதுதான். ஒரு நாள் வேலை முடிந்து வந்த அம்மாவோடு பஸ் ஏறினேன். அம்மா குளித்துச் சேலை மாற்றித்தான் வந்திருந்தார். ஆனால் கதம்பைக் குழி நாற்றம் ஒரு குளியலில் போகாது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். இறங்குகிற வரை அந்த இடம் காலியாகவே இருந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. டிக்கெட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே வந்தார். நானும் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்துக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை.

பாடப் புத்தகத்தில் என் குழி!

சுற்றுச்சூழல் பொறியியல் பாடத்தில் கழிவுநீர்க் குளங்களைப் பற்றிப் படித்தோம், நினைவிருக்கிறதா? குளம் பச்சையாக இருந்தால் நல்ல நிலை. ரோஸ் நிறமாகவோ ஊதாவாகவோ மாறினால், அளவுக்கு மீறிக் கழிவு சேர்ந்துவிட்டது, ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று பொருள் என விரிவுரையாளர் சொன்னார். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். எனக்குப் பேனா ஓடவில்லை. அந்த ரோஸ் நிறத்தை நான் சிறு வயதிலிருந்தே பார்க்கிறேனே! கோடைக் காலத்தில் கதம்பைக் குழியின் ஓரத்தில், தண்ணீர் வற்றி நிற்கிற இடத்தில், கழுவிய மீனின் இரத்தம் கலந்தது போல ஒரு நிறம் படியும். கதம்பையின் சாயம் இறங்கியது என்றுதான் நினைத்திருந்தேன்.

வகுப்பு முடிந்ததும் போய்க் கேட்டேன். "சாயமும் இருக்கும். ஆனால் நீ சொல்கிற ரோஸ் நிறம் உயிராகத்தான் இருக்க வேண்டும். ஊதா பாக்டீரியா. வெயிலைச் சாப்பிடுகிற பாக்டீரியா" என்றார். அன்றிலிருந்து நூலகத்திலும் கம்ப்யூட்டர் லேபிலும் தேடித் தேடிப் படித்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

இலை இல்லாத ஒளிச்சேர்க்கை

செடி வெளிச்சத்தில் உணவு தயாரிக்கும், ஆக்சிஜனை வெளியிடும் என்று ஆறாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். ஆனால் இந்த ஊதா பாக்டீரியா வெளிச்சத்தை உண்ணும், ஆக்சிஜனை வெளியிடாது! இது எப்படி?

1883-இல் ஜெர்மன் அறிஞர் எங்கெல்மன் ஒரு வேடிக்கையைக் கண்டார். வானவில் போலப் பிரித்த வெளிச்சத்தை நுண்ணோக்கியின் கீழ் விழச் செய்தார். ஊதா பாக்டீரியா ஒரு பெரும் கூட்டமாகப் போய் நின்ற இடம் எது தெரியுமா? சிவப்புக்கு அப்பால், நம் கண்ணுக்கு இருட்டாகத் தெரிகிற இடம்! அகச்சிவப்புக் கதிர் விழுகிற இடம். நமக்கு இருட்டு, அதற்கு வெளிச்சம்.

செடியில் இருப்பது பச்சையம். இதில் இருப்பது பாக்டீரியப் பச்சையம். அது 800 முதல் 890 நானோமீட்டர் வரையுள்ள அகச்சிவப்பை நன்றாக உறிஞ்சும். நம் கண்ணுக்கு 700-ஐத் தாண்டினாலே மங்கிவிடும். குளத்தின் மேலே பாசி படர்ந்திருந்தால் அது தனக்கு வேண்டிய சிவப்பையும் நீலத்தையும் எடுத்துக்கொள்ளும். அகச்சிவப்பு அதற்கு வேண்டாம். அது கீழே இறங்கும். கீழே ஆக்சிஜன் இல்லாத சேற்றின் மேல் இருக்கிற ஊதா பாக்டீரியா அந்த மிச்சத்தை வைத்தே வாழ்ந்துவிடும். ஊதா, சிவப்பு, பழுப்பு என்று கண்ணில் படுகிற நிறமெல்லாம் பெரும்பாலும் கரோட்டினாய்டு என்னும் நிறமிகளால் வருவது. கேரட்டுக்கு நிறம் தருவதும் அந்தக் குடும்பத்து நிறமிதான்.

உள்ளே நடப்பதை சிவில் மாணவர் மொழியில் சொல்லட்டுமா? நம் மாவட்டத்தில் கோதையாறு நீர்மின் நிலையம் இருக்கிறது. மேலே தேங்கிய தண்ணீர் கீழே விழுந்து சக்கரத்தைச் சுற்றுகிறது. பாக்டீரியாவின் சவ்விலும் அதே கதைதான். வெளிச்சம் பட்டதும் பாக்டீரியப் பச்சையத்திலிருந்து ஓர் எலக்ட்ரான் துள்ளுகிறது. ஒரு வினாடியை லட்சம் கோடிப் பங்காக வகுத்தால், அதில் மூன்று பங்கு நேரத்துக்குள் அது அடுத்த மூலக்கூறுக்குப் போய்விடுகிறது! அங்கிருந்து குவினோன், சைட்டோகுரோம் என்று கைமாறிக் கைமாறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறது. இப்படிச் சுற்றும்போது புரோட்டான்களைச் சவ்வின் ஒரு பக்கத்தில் தேக்கிவிடுகிறது. அணையில் தண்ணீர் தேங்குவது போல! தேங்கிய புரோட்டான்கள் ஏ.டி.பி. சிந்தேஸ் என்ற நுண் சக்கரத்தின் வழியாகத் திரும்ப இறங்குகின்றன. சக்கரம் உண்மையாகவே சுற்றுகிறது. ஏ.டி.பி. என்னும் ஆற்றல் காசு பிறக்கிறது.

போன எலக்ட்ரானே திரும்பி வந்துவிடுவதால் தண்ணீரைப் பிளக்க வேண்டிய தேவை இல்லை. தண்ணீரைப் பிளக்காததால் ஆக்சிஜனும் இல்லை. டச்சுக்காரரான வான் நீல் என்ற விஞ்ஞானி அமெரிக்காவில் இருந்தபோது இந்த வகைப் பாக்டீரியாக்களை ஆராய்ந்துதான், செடி வெளியிடும் ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்து வருவதல்ல, தண்ணீரிலிருந்தே வருகிறது என்று 1931-இல் எடுத்துச் சொன்னார். 1941-இல் ரூபன், காமன் குழுவினர் கனமான ஆக்சிஜன் அணுவைப் பயன்படுத்தி அதற்கு ஆதாரம் காட்டினார்கள். நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த சமன்பாட்டுக்கு வழிகாட்டியதே இந்தச் சேற்றுப் பூச்சிதான்!

இன்னொன்றும் உண்டு. வெளிச்சம் ஆற்றலாக மாறும் அந்த 'வினை மையம்' அணு அணுவாக எப்படி அமைந்திருக்கிறது என்று முதன்முதலில் கண்டறியப்பட்டதும் கந்தகம் சாராத ஊதா பாக்டீரியா ஒன்றில்தான். அதற்காக டைசன்ஹோஃபர், ஹூபர், மிஷெல் ஆகிய மூவருக்கும் 1988-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

கந்தகம் சார்ந்தது, சாராதது

இங்கே என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊதா என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்தேன். அப்படியில்லை. இரண்டு கூட்டம் உண்டு.

முதலாவது, ஊதா கந்தக பாக்டீரியா. கதம்பைக் குழியில் அழுகிய முட்டை போல நாறுகிறதே ஹைட்ரஜன் சல்பைடு, அதைப் பிடித்து எலக்ட்ரான்களை எடுத்துக்கொண்டு, கந்தகத்தை உருண்டைகளாகச் சேர்த்து வைக்கும். குளங்களில் கண்ணுக்குத் தெரியும்படி ரோஸ் நிறமாகப் படர்வது பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான்.

இரண்டாவது, கந்தகம் சாராத ஊதா பாக்டீரியா. இது கூட்டமாகப் படர்ந்து நிறம் காட்டுவது அபூர்வம். ஆனால் வயல் சேறு, குளம், சாக்கடை என்று எங்கும் அடக்கமாக இருக்கும். சல்பைடு இதற்கு ஆகவே ஆகாது என்று நினைத்து அந்தக் காலத்தில் இப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள். கொஞ்சமாக இருந்தால் இவற்றில் பலவும் சல்பைடைப் பயன்படுத்தும் என்று 1970-களில் தெரிய வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. ஒரு முறை ஒட்டிய பெயர் எளிதில் உரியாது என்பது மனிதருக்கு மட்டுமல்ல போலிருக்கிறது!

இந்த இரண்டாவது கூட்டத்தின் பெருமை என்ன? எந்த நிலையிலும் பிழைக்கும். வெளிச்சம் உண்டு, காற்று இல்லை என்றால் ஒளிச்சேர்க்கை. இருட்டு, ஆனால் காற்று உண்டு என்றால் நம்மைப் போல மூச்சு விட்டு வாழும். அழுகலில் பிறக்கும் அமிலங்கள் கிடைத்தால் அவற்றைத் தின்னும். அவை இல்லாவிட்டால் கரியமில வாயுவை வைத்தே உடம்பைக் கட்டும். காற்று வந்தால் நிறமி செய்வதை நிறுத்திவிடும். காற்று போனால் மறுபடி தொடங்கும். காற்றில் உள்ள நைட்ரஜனை நிலைப்படுத்தவும் இதற்குத் தெரியும். அதே நொதியால் ஹைட்ரஜன் வாயுவை வெளியிடவும் தெரியும். ஹைட்ரஜன் வெளியாவதை 1949-இல் கெஸ்ட், காமன் இருவரும் கண்டறிந்தார்கள்.

இவற்றில் ஒன்று ரோடோசூடோமோனாஸ் பாலஸ்ட்ரிஸ். வாயில் நுழையாத பெயர்தான். 'பாலஸ்ட்ரிஸ்' என்றால் சதுப்பு நிலத்துக்காரர் என்று பொருள்! 2004-இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதும் வெளியானது. சுமார் 54 லட்சத்து 60 ஆயிரம் எழுத்துகள், 4,800-க்கு மேல் மரபணுக்கள். எங்களைப் போன்ற கதம்பைக்காரர்களுக்கு இதில் ஒரு முக்கியச் செய்தி இருக்கிறது. லிக்னின் என்னும் மரச்சத்து உடைந்து வருகிற வளைய வடிவச் சேர்மங்களை, காற்றே இல்லாத இடத்தில், வெளிச்சத்தின் துணையோடு இது தின்றுவிடும். முழு லிக்னினைக் கடிக்க இதற்குப் பல் கிடையாது. உடைந்த துண்டுகளைத்தான் தின்னும்.

கதம்பைக் குழியில் நடப்பது என்ன? தும்பு இழைகளை ஒட்டி வைத்திருக்கிற பெக்டின் என்னும் பசையை வேறு பாக்டீரியாக்கள் கரைக்கின்றன. அப்போது கதம்பையில் இருக்கும் பீனால்களும் டானினும் தண்ணீரில் இறங்குகின்றன. தண்ணீர் கறுக்கிறது, ஆக்சிஜன் தீருகிறது, சல்பைடு எழும்புகிறது, மீன் ஒதுங்குகிறது. அதாவது, பாலஸ்ட்ரிஸின் சாப்பாட்டு வகையைச் சேர்ந்த சேர்மங்கள் நம் குழியில் நிறையவே இருக்கின்றன. சாப்பிட வெளிச்சம்தான் இல்லை! கறுத்த ஆழமான தண்ணீருக்குள் கதிர் எப்படி இறங்கும்?

இரண்டு குப்பிகள்

புத்தகத்தில் வாசித்தால் மட்டும் போதுமா? செய்து பார்த்தேன். இரண்டு கண்ணாடிக் குப்பி எடுத்து, குழிச் சேறும் கால்வாய்த் தண்ணீரும் ஊற்றினேன். விரிவுரையாளர் சொன்னபடி கொஞ்சம் வினிகரும், புளிப்பை முறிக்கக் கொஞ்சம் சோடா உப்பும் சேர்த்தேன். காற்று புகாமல் கழுத்து வரை நிரப்பி இறுக மூடினேன். ஒன்றைக் கறுப்புத் தாளில் சுற்றினேன். மற்றதை ஜன்னல் ஓரம் வைத்தேன். இரவில் அதன் பக்கத்தில் பழைய நாற்பது வாட் குண்டு பல்பு எரியும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, அதில் அகச்சிவப்பு இல்லாத குறை! மின் கட்டணம் ஏறும் என்று அப்பா முணுமுணுத்தார்.

மூன்று வாரம் ஆனது. கறுப்புத் தாள் குப்பி கறுப்பாகவே இருந்தது. ஜன்னல் குப்பியில் மேலே கொஞ்சம் பச்சை. அதற்குக் கீழே செங்காவியும் பழுப்பும் கலந்த நிறம்! இரண்டு கூட்டத்தில் எது வளர்ந்தது என்று நிறத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு நுண்ணோக்கியும் சோதனைகளும் வேண்டும். ஆனால் வெளிச்சம் பட்டதும் படாததும் வேறு வேறு என்பதை என் கண்ணால் பார்த்தேன்.

அம்மா குப்பியைத் தூக்கிப் பார்த்தார். "இது என்னவாக்கும் மக்ளே?"

சொன்னேன்.

"நம்ம குழியில கெடக்கதுதானே இது? இதப் படிக்கதுக்கா நீ ரெண்டு பஸ்சு மாறிப் போற?" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, சிரிக்காமல் கேட்டார். "செரி, இதுனால வெள்ளத்துக்க நாத்தம் போவுமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் நம் வேலை என்பதே என் கருத்து.

என் கருத்து

கதம்பை ஊறவைப்பதைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. ஒரு சாரார், "ஆற்றையும் கால்வாயையும் கெடுக்கிறார்கள், அடியோடு நிறுத்த வேண்டும்" என்பார்கள். இன்னொரு சாரார், "பரம்பரைத் தொழில், யாரும் கை வைக்கக் கூடாது" என்பார்கள். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் சாரார் பேச்சில் என் அம்மாவின் கூலி இல்லை. இரண்டாவது சாரார் பேச்சில் என் அம்மாவின் உடம்பு இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று, சல்பைடு வாயுவை மூச்சில் இழுத்து, கால் விரலிடுக்கு வெடித்துப் போவது பரம்பரைப் பெருமையா?

மூன்றாவது வழி ஒன்று உண்டு. தொழில் இருக்கட்டும், குழி மாறட்டும்! திறந்த கால்வாயில் ஊறவைக்காமல் சிமெண்ட் தொட்டியில் ஊறவைக்கலாம். தொட்டியிலிருந்து வடிகிற கறுப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, முழங்கால் ஆழமே உள்ள அகலமான குளத்தில் விடலாம். அங்கே வெயில் இறங்கும், ஊதா பாக்டீரியா வேலை செய்யும். மிச்சத்தை மூன்றாவதாகப் பாசிக் குளத்தில் விட்டு ஆக்சிஜன் ஏற்றலாம். அதன் பிறகு சோதித்துப் பார்த்துக் கால்வாயில் விடலாம். தொட்டி, குளம், வாய்க்கால், மட்டம், சாய்வு: இதெல்லாம் யார் வேலை? பாக்டீரியா தன் பங்கைச் செய்யும். அதற்கு வெளிச்சத்தைக் கொண்டு சேர்ப்பது டிப்ளமோ சிவில்காரன் வேலை அல்லவா!

இது பகல் கனவு என்று சிரிக்க வேண்டாம். 1970-களிலேயே ஜப்பானில் கோபயாஷி என்ற அறிஞர் ஒளிச்சேர்க்கை பாக்டீரியாவைக் கொண்டு ஆலைக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் முறையை வகுத்தார். தாய்லாந்தில் பிரின்ஸ் ஆஃப் சோங்க்லா பல்கலைக்கழகத்தில் மீன் பதனிடும் கழிவுநீரிலும் ரப்பர் ஷீட் கழிவுநீரிலும் இவற்றை வளர்த்து ஆராய்ந்தார்கள். மீனும் ரப்பரும்! நம் குமரி மாவட்டத்தின் கடற்கரையும் மலையோரமும் அதுதானே? ஐரோப்பாவில் 2019-இல் இதற்கென்றே 'டீப் பர்ப்பிள்' என்ற பெயரில் பெரிய திட்டம் தொடங்கினார்கள். இப்படி வளர்கிற பாக்டீரியாவின் உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் புரதம். மீனுக்கும் இறாலுக்கும் தீவனமாக்கலாம் என்றும் ஆராய்கிறார்கள்.

நம் நாட்டைக் குறைவாக எண்ணவும் வேண்டாம். ஹைதராபாத்தில் சசிகலா, ரமணா என்ற இரு பேராசிரியர்கள் இந்தியச் சேற்றிலும் நீர்நிலைகளிலும் தேடித் தேடி ஊதா பாக்டீரியாவில் பல புதிய இனங்களை உலகுக்கு அறிமுகப்படுத்தியிருக்கிறார்கள். உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கிய 'ஓ.யு.001' என்ற ரகத்தை வைத்துத் துருக்கியின் அங்காரா நகரில் ஹைட்ரஜன் தயாரிப்பு ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஹைதராபாத் பாக்டீரியா அங்காராவுக்குப் போயிருக்கிறது; தேங்காய்ப்பட்டணத்துப் பாக்டீரியா நம் லேபுக்குக் கூட வரவில்லையே!

கேட்கக்கூடிய கேள்விகள்

"எந்திரம் வந்துவிட்டது, குழிகள் குறைகின்றன. இனி எதற்கு இந்த ஆராய்ச்சி?" என்று கேட்கலாம். குழி குறையலாம், கழிவுநீர் குறைகிறதா? மீன் கழுவும் தண்ணீர், ரப்பர் ஷீட் போடும் தண்ணீர், வீட்டுச் சாக்கடை என்று எல்லாமே ஏதாவது ஒரு வாய்க்காலில்தானே விழுகின்றன? கதம்பைக் குழியில் கற்றது அங்கெல்லாம் உதவும்.

"கடையில் குப்பியில் விற்கிறார்களே, வாங்கி ஊற்றினால் போதாதா?" என்றும் கேட்கலாம். இயற்கை விவசாயத்துக்கென விற்கும் இ.எம். கரைசல் உங்களில் பலருக்குத் தெரியும். ஜப்பானில் ஹிகா என்பவர் உருவாக்கியது. அதிலும் பாலஸ்ட்ரிஸ் சேர்ப்பதுண்டு. வாங்குவதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இருட்டான, சல்பைடு நிறைந்த குழியில் ஒரு குப்பியை ஊற்றிவிட்டு அற்புதம் நடக்கும் என்று காத்திருந்தால், காசும் போகும், நாற்றமும் போகாது. சூழ்நிலை அமையாமல் எந்த உயிரும் வேலை செய்யாது. சூழ்நிலை அமைந்துவிட்டால் நம் சேற்றில் உள்ளதே முளைத்து வரக்கூடும். என் ஜன்னல் குப்பிக்குள் யாரும் எதையும் வாங்கி ஊற்றவில்லையே!

"இதற்குக் குறையே இல்லையா?" உண்டு. குளத்துக்கு நிறைய இடம் வேண்டும். கடற்கரையில் இடத்துக்குப் பஞ்சம். ஆனி, ஆடி மழையில் வெயில் குறையும். இதன் வேலையும் குறையும். தண்ணீர் மிகவும் கறுப்பாக இருந்தால் வேறு தண்ணீர் கலந்து விட வேண்டும். சுத்தம் செய்த பிறகு பாக்டீரியாவை வடிகட்டிப் பிரிப்பதற்கும் செலவு உண்டு. பிளாஸ்டிக் குப்பையை இது தின்னாது. அதை நாம்தான் போடாமல் இருக்க வேண்டும். எத்தனை லிட்டருக்கு எத்தனை சதுர மீட்டர், எத்தனை நாள் என்ற கணக்கை நம் தண்ணீரில் அளந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். அளக்காமல் பேசினால் அது வெறும் மேடைப் பேச்சு.

மாணவர் பேரவைக்கு வேண்டுகோள்

ஆகவே பேரவைத் தோழர்களுக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒன்று, இறுதியாண்டு புராஜெக்ட் என்றால் கடையில் காசு கொடுத்து மாடல் வாங்கி வைக்கிற பழக்கத்தை விடுவோம். எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்தானே! இந்த ஆண்டு ஒரு குழுவாவது இரண்டு சின்ன சிமெண்ட் தொட்டி கட்டி, ஒன்றை மூடியும் ஒன்றைத் திறந்தும் வைத்து, கதம்பைத் தண்ணீரின் பி.ஓ.டி. அளவை வாரா வாரம் அளக்கட்டும். அந்தச் சோதனை செய்ய நமக்குப் பாடத்திலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள்.

இரண்டு, கலைவிழாச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, லேபுக்கு ஒரு நல்ல நுண்ணோக்கி வாங்கும்படி நிர்வாகத்திடம் சேர்ந்து கேட்போம். சேற்றைப் பார்க்க சிவில் மாணவருக்கு எதற்கு நுண்ணோக்கி என்று கேட்பார்கள். சேற்றின் மேல்தானே நாம் வீடு கட்டுகிறோம்!

மூன்று, புராஜெக்ட் செய்கிறவர்கள் முதலில் கதம்பை அடிக்கிற பெண்களிடம் பேசுங்கள். எந்தக் குழியில் எப்போது நிறம் மாறும், எந்த ஏற்றத்துக்கு எந்தத் தண்ணீர் வரும், கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற குழியில் ஏன் தும்பு வெளுக்கிறது என்பதையெல்லாம் அவர்கள் எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல் சொல்வார்கள். சம்பளம் இல்லாமல் பாடம் நடத்த அவர்கள் தயார். உட்கார்ந்து கேட்கத்தான் ஆள் இல்லை.

முடிவாக ஒன்று. அம்மா கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. "இப்போ சொல்ல ஏலாது அம்மா, அளந்து பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். "கொள்ளாம்" என்றார். ஜன்னலில் இருக்கிற குப்பியைத் தினமும் வேலைக்குப் போகும் முன் வெயில் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போகிறார். நான் சொல்லிச் செய்யவில்லை.

இந்த ஆண்டு உதவித்தொகைப் படிவம் மறுபடி வந்தது. 'பெற்றோர் தொழில்' என்ற இடத்தில் முழுசாக எழுதினேன்: 'தாய் - கதம்பை அடித்தல்.' கட்டத்துக்குள் எழுத்து கொஞ்சம் நெருக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடங்கிவிட்டது.

சிந்திப்போம், தோழர்களே! சிந்தித்ததை அளந்தும் பார்ப்போம்!

- மூன்றாம் ஆண்டு சிவில் மாணவி,
தேங்காய்ப்பட்டணம்.